யாழ்ப்பாணத்துக்கு ஒரு பல்விளையாட்டுப் பயிற்சித் திடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்தை ஒட்டிய மண்டைதீவில் துடுப்பாட்ட (கிரிக்கெட்) அரங்குக்கு அடிக்கல் வைத்த நாளிலிருந்து யாழ்ப்பாணத்தில் விளையாட்டு வசதிகளைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. பெற்றோர், கழக நிர்வாகிகள், விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள், வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கைகளை எண்ணிப் பெருமைப்படும் அரங்கு பிறகு வரட்டும். இன்று வேண்டியது, நாள்தோறும் பின்னேரம் மூன்று மணிக்குக் கதவு திறந்திருக்கும் ஒரு பொதுப் பயிற்சித் திடல். பள்ளிக்கூடப் பிள்ளையும் பள்ளிக்கூடத்தை விட்டு விலகியவரும் ஒரே வாசலால் உள்ளே போகக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

ஊருக்கு ஊர் மைதானம் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

இருக்கிறது. அதில் பெருமைப்படவும் காரணமிருக்கிறது. குருநகர், நாவாந்துறை, ஊரெழு, இளவாலை போன்ற ஊர்களின் கழகங்கள் உதைபந்தாட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றன. சனசமூக நிலையத்தின் பக்கத்தில் ஒரு கரப்பந்துத் திடலாவது இல்லாத ஊரைக் காண்பது அரிது. யாழ் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதும் வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியது. யாழ்ப்பாணக் கல்லூரியும் புனித பத்திரிசியார் கல்லூரியும் ஆடும் பொன் அணிகளின் போருக்கும் நூறு வயது கடந்துவிட்டது. விளையாட்டு இங்கே யாரோ கொண்டுவந்து அறிமுகப்படுத்த வேண்டிய ஒன்றல்ல.

ஆனால் ஒரு பள்ளிக்கூடமோ ஒரு கழகமோ தனியாகச் சுமக்க முடியாத சில வசதிகள் உண்டு: 400 மீற்றர் செயற்கை ஓடுபாதை, போதிய உயரமுள்ள உள்ளக அரங்கு, கோலூன்றிப் பாய்வதற்கான மெத்தையும் ஓட்டத்தரையும், பாரந்தூக்கும் கூடம், காயமடைந்தவரைப் பார்க்கும் இயன்மருத்துவ அறை. இவற்றை ஊர் ஊராகக் கட்டுவது பணத்தை வீணாக்கும். ஒரே இடத்தில் கட்டி எல்லோரும் பயன்படுத்தினால்தான் செலவுக்குப் பொருளுண்டு.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. பள்ளி மைதானம் அந்தப் பள்ளியின் மாணவருக்கு உரியது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பத்தொன்பது வயதில் வெளியே வரும் ஈட்டி எறிபவருக்கோ தடைதாண்டி ஓடுபவருக்கோ மறுநாள் முதல் பயிற்சி செய்ய இடமில்லை. உதைபந்தாட்டக்காரரைக் கழகம் ஏந்திக்கொள்கிறது. மெய்வல்லுநர் வீரரை ஏந்திக்கொள்ள எவரும் இல்லை. உடல் முழு வலிமை பெறும் வயதில்தான் நாம் அவரைக் கைவிடுகிறோம்.

துரையப்பா விளையாட்டரங்கு போதாதா?

கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அருகே இருக்கும் துரையப்பா அரங்குதான் மாவட்டத்தின் முதன்மையான அரங்கு. 1975 ஜூலை 27 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட நகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கியது. போர்க்காலத்தில் சிதைந்து கிடந்து, இந்திய அரசின் உதவியில் ஏறத்தாழ 7 கோடி இந்திய ரூபாய் செலவில் புனரமைக்கப்பட்டது. 2016 ஜூன் 18 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நேரிலும், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி காணொளி வழியாகவும் திறந்துவைத்தார்கள். 1,850 பேர் அமரலாம்.

அந்தப் புனரமைப்பு ஊருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அங்கே சுண்ணாம்புக் கோடு போட்ட புல்தரையில்தான் ஓட வேண்டும். மழைக்காலத்தில் அது சேறாகும், கோடையில் இறுகிப் போகும். அதோடு, மாவட்டத்தின் ஒரே பெரிய அரங்கு என்பதால் பாடசாலை விளையாட்டுப் போட்டி, உதைபந்தாட்டச் சுற்று, அரச விழா, கொண்டாட்டம் எல்லாமே அதைத் தேடி வருகின்றன. நிகழ்ச்சிகளுக்காக ஒதுக்கப்படும் அரங்கில் தொடர்ச்சியான பயிற்சி நடத்த முடியாது. ஓட்டப் பயிற்சி என்பது வாரத்துக்கு ஐந்து ஆறு நாட்கள், மாதக்கணக்கில், இடைவெளி விடாமல் செய்ய வேண்டியது. துரையப்பா அரங்கு போட்டிகளின் இடமாகவே இருக்கட்டும். பயிற்சிக்கு வேறு இடம் வேண்டும்.

மண்டைதீவில் என்ன கட்டப்படுகிறது?

2025 செப்டெம்பர் 1 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க யாழ்ப்பாணம் சர்வதேச துடுப்பாட்ட மைதானத்துக்கு மண்டைதீவில் அடிக்கல் நாட்டினார். ஏறத்தாழ 138 ஏக்கரில் ஒரு விளையாட்டு நகரம், அதில் 48 ஏக்கர் துடுப்பாட்ட அரங்குக்கு என்பது அறிவிக்கப்பட்ட திட்டம். 40,000 பேர் பார்க்கலாம், நடுவில் பத்து ஆடுகளங்கள், எல்லைக்கோடு 80 மீற்றர்.

சர்வதேச அரங்கு ஒன்றை இந்த ஊர் கேட்பதில் நியாயமிருக்கிறது. லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கிண்ணத்தை வென்றது. அந்த வெற்றிகளில் ஒன்றைக்கூட யாழ்ப்பாணத்தவர் தம் மண்ணில் அமர்ந்து பார்க்கவில்லை, ஏனென்றால் அத்தகைய ஆட்டம் நடத்தத்தக்க மைதானம் இங்கே இருக்கவில்லை. மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் இலங்கை அணிக்கு ஆடி, 2024இல் ஐபிஎல் தொடரில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகவும் பந்துவீசியபோது இங்குள்ள சின்னப் பையன்கள் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோரிக்கையின் கனம் புரியும்.

ஆயினும் துடுப்பாட்ட அரங்கும் பல்விளையாட்டுப் பயிற்சித் திடலும் ஒன்றல்ல. சர்வதேச ஆடுகளத்தில் நாளாந்தம் பிள்ளைகளை ஓடவிட மாட்டார்கள், விடவும் கூடாது. விளையாட்டு நகரம் என்று சொல்லப்படும் எஞ்சிய 90 ஏக்கரில் என்ன வரப்போகிறது, அது யாருக்குத் திறந்திருக்கும் என்பதையே இப்போது நாம் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கட்டடம் எழும்புமுன் கேட்டால்தான் பயன்.

மண்டைதீவு தூரமில்லையா?

பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் முதலில் வரும் தீவு அதுதான். மோட்டார் சைக்கிளில் சில நிமிடங்கள். ஆனால் பயிற்சிக்கு வரும் பிள்ளை சைக்கிளில் வரும். மே மாதம் தொடங்கிச் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் இருபுறமும் கடல் இருக்கும் அந்தத் தாம்போதியில் சைக்கிள் ஓட்டியவருக்குத் தெரியும், காற்று பக்கவாட்டில் எப்படித் தள்ளும் என்று. இருட்டிய பிறகு அதே வழியால் திரும்பிப் போக எத்தனை தாய்மார் சம்மதிப்பார்கள்? வேலணை, ஊர்காவற்றுறை, குறிகட்டுவான் பஸ்கள் அவ்வழியால்தான் போகின்றன. அவை மண்டைதீவுச் சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விட்டால் மிச்சத் தூரம் நடை. நகரத்திலிருந்து திடலின் வாசல் வரை போய், பயிற்சி முடியும் நேரத்தில் திரும்பும் ஒரு பஸ் சேவை திட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு பஸ் கேட்டு மனுக் கொடுத்துத் திரியும் நிலை வரக் கூடாது.

சூழல் பாதிக்கப்படும் என்கிறார்களே?

அந்தக் கவலையை நான் முழுமையாக ஏற்கிறேன். மண்டைதீவு தாழ்ந்த நிலம். அதைச் சுற்றியுள்ள களப்பில் கண்டல் மரங்கள் இருக்கின்றன, வலசைப் பறவைகள் வந்து தங்குகின்றன, மீனவக் குடும்பங்கள் பிழைக்கின்றன. மழைநீர் வடிந்து கடலைச் சேரும் வழிகளை மண் போட்டு உயர்த்தி மறித்தால், வெள்ளம் பக்கத்து வீடுகளுக்குள் போகும். தீவுகளில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. மைதானத்துப் புல்லுக்காக அதை இறைத்தால் அயலவரின் கிணறு உப்பாகும்.

விளையாட்டை நேசிக்கிறவர்கள் சூழலியலாளர்களை எதிரிகளாகப் பார்ப்பது வருத்தம் தருகிறது. முறையான சூழல் தாக்க மதிப்பீடு தமிழில் வெளியிடப்பட்டு, தீவு மக்கள் அதை வாசித்துக் கருத்துச் சொன்ன பிறகு கட்டினால், அரங்கின் ஆயுளும் கூடும். வெள்ளம் தேங்கும் ஆடுகளம் யாருக்கும் உதவாது.

பழைய பூங்காவில் உள்ளக அரங்கு அமைப்பது சரியா?

பழைய பூங்கா, 19ஆம் நூற்றாண்டில் நீண்டகாலம் வடக்கின் அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் உருவாக்கிய வளாகம். அவர் காலத்து மரங்களின் வழிவந்த பெருநிழல் நகரத்தின் நடுவில் இருப்பது பெரும் பேறு. அங்கே உள்ளக அரங்கு கட்டும் யோசனைக்கு எதிர்ப்பு எழுந்ததும் இந்த மரங்களுக்காகத்தான்.

என் கருத்து: நகர நடுவில் உள்ளக அரங்கு வேண்டும், ஆனால் பெருமரம் நிற்கும் இடத்தில் வேண்டாம். வளர நூறு ஆண்டுகள் எடுத்த மரத்தை வெட்டிவிட்டு, விளையாடி வரும் பிள்ளைகளுக்கு நிழல் தகரம் போட்டுக் கொடுப்பது முறையல்ல. கைவிடப்பட்ட களஞ்சியங்கள், பயன்படாமல் கிடக்கும் அரச கட்டடக் காணிகள் நகரத்திலும் அதன் ஓரத்திலும் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பட்டியலிடட்டும்.

உள்ளக அரங்கு உண்மையில் அவசியமா?

மிகவும். யாழ்ப்பாணத்தில் சோளகம் ஓய்ந்தால் வாடை. பூப்பந்தாட்டத்துக்குப் பயன்படும் இறகுப் பந்தின் எடை ஏறத்தாழ 5 கிராம். முற்றத்தில் ஆடிப் பழகியவர் கொழும்பில் மூடிய அரங்குக்குள் போனதும் பந்து வேறு விதமாகப் பறப்பதைப் பார்த்துத் திகைக்கிறார். அவர் இத்தனை காலமும் காற்றோடும் சேர்ந்தே ஆடியிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் வலைப்பந்து, கூடைப்பந்துப் பயிற்சிகள் வாரக்கணக்கில் நின்றுவிடுகின்றன.

பெரிய கட்டடம் தேவையில்லை. உள்ளளவு 36 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம் இருந்தால், 30.5 மீற்றர் நீளமான வலைப்பந்து ஆடுகளம் ஒன்றை வரையலாம். அதே தரையில் வேறு நிறக் கோடுகளால் கூடைப்பந்து, கரப்பந்து ஆகியவற்றையும், குறுக்காக நான்கு பூப்பந்து ஆடுகளங்களையும் வரையலாம். உயரத்தில் மட்டும் சிக்கனம் பிடிக்கக் கூடாது. சர்வதேசக் கரப்பந்துக்கு ஆடுகளத்தின் மேல் 12.5 மீற்றர் வெற்றிடம் கேட்கிறார்கள், சர்வதேசப் பூப்பந்துக்கு 12. அந்தளவு முடியாவிட்டாலும் 9 மீற்றருக்குக் குறைந்தால் அது கல்யாண மண்டபமாகத்தான் முடியும். தரை கொன்கிரீற்றாக இருக்கவே கூடாது. பாய்ந்து பாய்ந்து விழும் இளம் முழங்கால்களுக்கு அது செய்யும் கேடு பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

வெப்பத்தையும் மறக்க வேண்டாம். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் பயிற்சி செய்ய முடியாது. கூரைக்கு வெப்பத்தடுப்பும், ஆட்டத்தைக் குழப்பாத உயரத்தில் காற்றுப் போக்கிகளும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

செயற்கை ஓடுபாதை இல்லாமலே நம் பிள்ளைகள் சாதிக்கிறார்களே?

சாதிக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன். மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நாட்டுக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். நம் காலத்தில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை ஒருமுறைக்கு மேல் புதுப்பித்தார். சாவகச்சேரி இந்துக் கல்லூரியின் அருந்தவராசா புவிதரனும் அதே போட்டியில் நாட்டின் உச்சத்தைத் தொட்டவர்.

கோலூன்றிப் பாய்தலை எடுத்துப் பாருங்கள். ஓட்டத்தரை குறைந்தது 40 மீற்றர் வேண்டும். விழும் மெத்தை ஆறு மீற்றர் நீளமும் ஆறு மீற்றர் அகலமும் கொண்டது, அதை மழையிலிருந்து காக்கக் கூரை வேண்டும். கோல் ஒன்று போதாது. உடல் எடையும் வேகமும் கூடக் கூட வேறு வேறு விறைப்புள்ள கோல்கள் வேண்டும். நான்கு ஐந்து மீற்றர் நீளமான அவற்றைத் தூக்கிக்கொண்டு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கு எப்படிப் போவது என்பதே ஒரு போட்டி. இரவுப் பஸ்ஸில் போய் இறங்கி, சுகததாச அரங்கிலோ தியகமவிலோ செயற்கைத் தரையில் கால் வைத்து, சில மணி நேரத்தில் போட்டியிட வேண்டியிருக்கிறது. செயற்கைத் தரையில் கால் எழும்பும் விதமே வேறு. முட்சப்பாத்து பிடிக்கும் விதமும் வேறு. அங்கேயே தினமும் பழகியவரோடு நம் பிள்ளையை அப்படி நிறுத்துவது நீதியாகாது.

அதற்கு எவ்வளவு காணி வேண்டும்?

எட்டுத் தடங்கள் கொண்ட 400 மீற்றர் ஓடுபாதை, வெளிவிளிம்பு வரை அளந்தால் ஏறத்தாழ 177 மீற்றர் நீளமும் 93 மீற்றர் அகலமும் வரும். நம் கணக்கில் சுமார் 65 பரப்பு, அதாவது நான்கு ஏக்கர். நடுவில் 105 × 68 மீற்றர் உதைபந்தாட்டத் திடல் அடங்கிவிடும். ஈட்டி, தட்டு எறிபவர்களுக்குத் தனியான பயிற்சி வெளி, உள்ளக அரங்கு, திறந்தவெளி வலைப்பந்து, கபடித் தரைகள், நடைபாதை, சைக்கிள் நிறுத்துமிடம், மரநிழல் எல்லாம் சேர்ந்தால் 12 முதல் 15 ஏக்கரில் நல்லதொரு திடலை அமைக்கலாம்.

திசை முக்கியம். நீளப்பக்கம் வடக்குத் தெற்காக அமைய வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சி நடக்கும் பின்னேரத்தில் கோல்காப்பாளரின் கண்ணில் சூரியன். ஓடுபாதை உட்புறமாக நூறுக்கு ஒன்றுக்கு மேல் சரியக் கூடாது. அந்தச் சிறு சரிவில் கார்த்திகை மழை முழுவதும் வடிய வேண்டும் என்பதால், மேலே போடும் 12 மில்லிமீற்றர் செயற்கைப் படையைவிடக் கீழே போடும் கல்லும் வடிகாலும்தான் வேலையின் உயிர். கடற்காற்று சாதாரண இரும்பைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். வேலிக் கம்பிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் துத்தநாகம் பூசிய உருக்கு, உதைபந்தாட்டக் கோல் கம்பத்துக்கு அலுமினியம் என்று ஒப்பந்தக் கேள்விப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

தண்ணீருக்கு எங்கே போவது?

யாழ்ப்பாணத்தில் எந்தத் திட்டத்தையும் இந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்க வேண்டும். நமக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தங்கும் மழைநீர்தான் கிணறு. ஒரு உதைபந்தாட்டத் திடல் 7,140 சதுர மீற்றர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் நீர் விட்டால் ஏறத்தாழ 36,000 லீற்றர். 36 × 20 மீற்றர் உள்ளக அரங்கின் கூரையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழையைச் சொட்டு விடாமல் சேர்த்தாலும் 9 லட்சம் லீற்றர்தான். அது திடலுக்கு இருபத்தைந்து நாள் காணும். ஆகவே மழைநீர்த் தொட்டி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. புல்லாக அறுகையே நடலாம். உலகின் வெப்ப நாட்டு மைதானங்கள் பலவற்றில் பெர்முடா என்ற பெயரில் வளர்ப்பது இதே இனத்தைத்தான். வரட்சியையும் ஓரளவு உப்பையும் தாங்கும். மூன்று திடல்களுக்கு ஆசைப்படாமல் ஒரு புல்திடலை நன்றாக வைத்திருக்கலாம். குளியலறைக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் புல்லுக்கு விடலாம். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது, அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். ஆனால் அந்த நீர் வீடுகளுக்காகச் சுத்திகரிக்கப்பட்டது. குடத்தோடு காத்திருக்கும் குடும்பத்துக்கு முன்னால் அதைப் புல்லுக்கு விட என் மனம் ஒப்பாது.

உரத்தையும் அளந்து போட வேண்டும். நம் கிணறுகளில் நைத்திரேற் ஏற்கெனவே கூடுதலாக இருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விடயம். தோட்டத்து உரத்தோடு மைதானத்து யூரியாவும் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்க வேண்டுமா?

நீச்சல் தடாகம்?

வேண்டும், ஆனால் 25 மீற்றர் போதும். 50 மீற்றர் நீளமும் 25 மீற்றர் அகலமும் 2 மீற்றர் ஆழமும் கொண்ட தடாகத்தை நிரப்ப 25 லட்சம் லீற்றர் தேவை. 25 × 12.5 மீற்றர் தடாகம், ஒன்றரை மீற்றர் சராசரி ஆழத்தில், ஐந்து லட்சத்துக்குள் அடங்கிவிடும். கடல் சூழ்ந்த குடாநாட்டில் நீந்தத் தெரியாத பிள்ளைகள் இத்தனை பேர் இருப்பது ஆபத்து. பதக்கத்தைவிட உயிர்காக்கும் நீச்சலைக் கற்பிக்கவே முதலில் அது பயன்பட வேண்டும்.

பெண் பிள்ளைகள் வருவார்களா?

வர வழி செய்தால் வருவார்கள். புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் ஆசிய வலைப்பந்துச் சாம்பியன் பட்டத்தை இலங்கை வென்ற 2009, 2018 அணிகளின் தூணாக நின்றவர். அவருடைய உயரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த உயரத்தைக் கேலி செய்யும் கண்களுக்கு முன்னால் ஒரு கிராமத்துப் பெண் தொடர்ந்து ஆடினாளே, அதுவே எனக்குப் பெரிய செய்தி.

பெற்றோர் மகளைப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்குவதற்குப் பழமைவாதம் மட்டும் காரணமல்ல. உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. கழிப்பறையில் தண்ணீர் இல்லை. மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது என்று கேட்க ஒரு பெண் பயிற்றுநர் இல்லை. கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்னரே இருட்டிவிடுகிறது, வீதிக்கு வெளிச்சம் இல்லை. இவை அத்தனையும் கட்டடக் கலைஞரும் நிர்வாகமும் தீர்க்கக்கூடிய பிரச்சினைகள். பார்வையாளர் மேடையை ஒரு படி குறைத்தாவது பெண்களுக்கான பகுதியை முதல் கட்டத்திலேயே கட்ட வேண்டும். காத்திருக்கும் தாய்மார் அமர ஒரு நிழலான இடமும் வேண்டும். மகளோடு வரும் தாயும் அந்த ஒரு மணி நேரம் நடைபாதையில் நடந்தால் அவருக்கும் நல்லது.

மாற்றுத்திறனாளிகளுக்கு?

போரில் கால் இழந்தவர்களும் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் வாழும் மாகாணம் இது. சாய்தளம் என்பது கடைசியில் ஒட்டவைக்கும் அலங்காரம் அல்ல. வாசல், கழிப்பறை, உள்ளக அரங்கின் தரை, தடாகத்தில் இறங்கும் வழி எல்லாம் சக்கர நாற்காலிக்கு ஏற்றதாக முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். அமர்ந்தாடும் கரப்பந்துக்குத் தனித் தரை தேவையில்லை, உள்ளக அரங்கில் வலையைத் தாழ்த்திக் கட்டினால் போதும்.

கிளித்தட்டு, கபடிக்கு இடமுண்டா?

கட்டாயம். கபடிக்கு இன்று தேசிய, ஆசியப் போட்டிகள் இருக்கின்றன, மெத்தைத் தரை வேண்டும். கிளித்தட்டுக்குச் சமதரையும் கோடும் போதும். மாட்டுவண்டிச் சவாரிக்கு மட்டும் வேறு இடம் பார்க்க வேண்டும்.

படிப்புக் கெட்டுவிடாதா?

எந்தப் பெற்றோரிடம் பேசினாலும் வரும் கேள்வி. பள்ளி ஒன்றரை மணிக்கு முடிகிறது. இரண்டரைக்கு ரியூசன், அது முடிந்தால் இன்னொரு ரியூசன். பிள்ளை மைதானத்துக்குப் போக மிஞ்சும் நேரம், தை மாதத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னரான சில வாரங்கள்தான். அந்தச் சில வாரப் பயிற்சியில் ஓடி, தசை கிழிந்து, அடுத்த வருடம் வரை மறந்துவிடுகிறோம்.

பயிற்சி ஒழுங்காக இருந்தால் ஒன்றரை மணி நேரம் போதும். திடலில் வாசிக்க ஒரு அறையும் மேசையும் மின்விளக்கும் இருந்தால், பயிற்சி முடிந்த பிள்ளை பஸ் வரும்வரை பாடம் படிக்கலாம். எதிர்வீரசிங்கம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உயர்கல்வி பெற்றவர் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள். அதற்கு மேல், பதினைந்து வயதுப் பிள்ளை நாளில் ஒரு மணி நேரமாவது வியர்க்க வேண்டும் என்பதற்கு எந்தப் பதக்கத்தையும் காரணம் காட்டத் தேவையில்லை.

பயிற்றுநர்கள் எங்கே?

ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பள்ளிகளில் அர்ப்பணிப்போடு உழைக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சொந்தக் காசில் பிள்ளைகளுக்குப் பழமும் முட்டையும் வாங்கிக் கொடுப்பவர்களும் அவர்களில் உண்டு. இடமாற்றம் வந்தால் அந்தப் பயிற்சி அறுந்துவிடுகிறது. திடலுக்கென்று நிரந்தர ஊதியத்தில், ஒரு விளையாட்டுக்கு இரண்டு பேராவது, அதில் ஒருவர் பெண்ணாக, நியமிக்கப்பட வேண்டும். கட்டடத்துக்குக் கிடைக்கும் பணத்தின் சிறு பங்கு பயிற்றுநருக்குக் கிடைத்தாலே விளைவு வேறாக இருக்கும்.

கிளிநொச்சியில் ஒரு விளையாட்டுத் தொகுதி இருக்கிறதே?

வட மாகாணத்துக்கு அது மிகவும் தேவையான வசதி, முகாம்களுக்கும் மாகாணப் போட்டிகளுக்கும் உகந்தது. ஆனால் பள்ளி முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறிக் கிளிநொச்சியில் பயிற்சி செய்து இரவு வீடு திரும்ப எந்தப் பிள்ளையாலும் முடியாது.

யார் நடத்துவது? பணம் எங்கிருந்து வரும்?

கட்டப் பணம் தருபவர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசு, இந்திய உதவி, புலம்பெயர் உறவுகள் எனத் திறப்பு விழாக் கல்லில் பெயர் பொறிக்க ஆட்கள் கிடைப்பார்கள். பத்தாம் வருடம் ஓடுபாதை தேய்ந்து நிற்கும்போது யார் வருவார்கள்? செயற்கைத் தரையின் ஆயுள் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள். திறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு வருடமும், மீண்டும் தரை போட ஆகும் செலவில் பத்திலொரு பங்கைத் தனிக்கணக்கில் ஒதுக்கினால்தான் அது தப்பும். இதைச் செய்யாத அரங்கு எங்கே இருந்தாலும் புதர் மண்டும்.

காணி ஒருவருடையது, கட்டடம் இன்னொருவருடையது, மின்கட்டணம் எவருடையதும் அல்ல என்ற நிலை வராமல், மாநகர சபை, மாகாண விளையாட்டுத் திணைக்களம், கல்வித் திணைக்களம், கழகங்கள் ஆகிய தரப்பினர் சேர்ந்த ஒரே நிர்வாகச் சபை சட்டபூர்வமாக அமைய வேண்டும். வருடக் கணக்கை வாசலில் ஒட்ட வேண்டும். வருமானத்துக்கு வழி உண்டு: பெரியவர்களுக்கான உடற்பயிற்சிக் கூடம், பூப்பந்து ஆடுகள வாடகை, நிறுவனங்களின் போட்டிகள், சிற்றுண்டிச்சாலை. களியாட்ட நிகழ்ச்சிக்கு ஓடுபாதையை வாடகைக்கு விடுவது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. மேடை லொறி ஒருமுறை ஏறினால் போதும், அந்தத் தரை கெட்டுப்போக.

பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவார்களா?

வாங்கக் கூடாது. பதினெட்டு வயது வரை இலவசம்.

வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் எப்படி உதவலாம்?

உங்கள் பழைய மாணவர் சங்கங்கள் இல்லாவிட்டால் இங்குள்ள பல பள்ளி மைதானங்கள் இன்று இருக்கும் நிலையில் இருந்திருக்காது. ஒரு வேண்டுகோள் மட்டும். உங்கள் பள்ளிக்கு இன்னொரு பவிலியன் கட்டும் எண்ணம் இருந்தால், அதில் ஒரு பங்கைப் பொதுத் திடலின் பயிற்றுநர் ஊதியத்துக்கு ஐந்து வருட உறுதியாகத் தாருங்கள். பழைய கோல்கள், தடைகள், பாரங்கள் அனுப்புவதென்றால் முதலில் பயிற்றுநரிடம் கேட்டு, தேவையான அளவிலும் விறைப்பிலும் அனுப்புங்கள்.

எல்லாம் ஒரேயடியாக முடியாது. முதலில் எதைக் கட்டச் சொல்வீர்கள்?

ஓடுபாதையும் அதன் வடிகாலும். அதோடு சேர்த்து கழிப்பறை, உடைமாற்றும் அறை, குடிநீர், விளக்கு, வேலியோரம் வேம்பும் மருதும். அடுத்து உள்ளக அரங்கு. மூன்றாவதாகத் தடாகம். பார்வையாளர் மேடை கடைசி. அதுவரை புல்சரிவில் உட்கார்ந்து பார்க்கலாம்.

இதைக் கேட்க நாங்கள் எங்கே போவது?

2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் மாநகர சபையிலும் பிரதேச சபைகளிலும் இருக்கிறார்கள். ஆண்டு இறுதியில் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருமுன் உங்கள் வட்டார உறுப்பினருக்கு எழுத்தில் கொடுங்கள். கழகத்தின் கடிதத் தலைப்பில், செயலாளரின் கையொப்பத்தோடு கொடுங்கள். பொதுவாக “விளையாட்டு வசதி வேண்டும்” என்று எழுதாமல், உங்கள் கழகத்தில் எத்தனை பேர், எந்த வயதினர், எத்தனை பெண் பிள்ளைகள், வாரத்தில் எந்த நாட்களில் எத்தனை மணிக்குத் தரை வேண்டும் என்று எழுதுங்கள். பிரதியைப் பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்ட திகதியை உங்கள் பிரதியில் குறித்து வாங்கி வைத்திருங்கள்.